நிற்பதற்கு அனுமதி இருபத்தோரு பேர்

முதல் டிக்கெட் நாலு பவுண்டு.
அதற்காக ஒரு ராத்திரி முழுக்க
ரெக்கார்டு கடை வாசலில் கிடந்தோம்,
நானும் யூனாவும், ஒரே தார்ப்பாய்க்குள்.
கிளாஸ்கோ மழைக்கு நேராக விழத் தெரியாது;
பக்கவாட்டில் வந்து சட்டைக்குள் கை விடும்.
விடிந்து, டூகல் ஷட்டரைத் தூக்கியபோது
எங்களுக்கு முன்னால் பதினாறு பேர்.
பதினாறு பேரின் பெயரும் தெரிந்திருந்தது.
ஒருவனுக்குப் பல்வலி.
யூனா தன் விஸ்கியில் பாதியை அவனுக்குக் கொடுத்தாள்,
மனசே இல்லாமல்.

போன மாதம் வரிசை வேறு மாதிரி.
சமையலறை மேசை, மடிக்கணினி.
உங்களுக்கு முன்னால்
நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எட்டுப் பேர்
என்றது ஒரு பச்சைக் கோடு.
ஒருவர் முகமும் இல்லை. யாருக்கும் பல் வலிக்கவில்லை.
என் முறை வந்தபோது நூற்றுப் பத்து.
கார்டின் கடைசி நாலு எண்ணை அடிப்பதற்குள்
நூற்றெண்பத்தைந்து.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்:
இருநூற்று முப்பது, தவிர சேவைக் கட்டணம்.
என்ன சேவை என்று கேட்க
அங்கே டூகல் இல்லை.
மூடிவிட்டு கெட்டிலை வைத்தேன்.

அந்த நாலு பவுண்டுக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன்.
ஆற்றோரத்து நடன மண்டபம், எண்பத்தாறு, நவம்பர்.
மூன்றாம் பாட்டில் கூட்டம் என்னை எடுத்துக்கொண்டது.
எடுத்துக்கொண்டது என்றால்,
கால் தரையில் இல்லை,
மூச்சு என்னுடையது இல்லை,
முன்னால் நின்றவனின் முதுகு வியர்வை
என் நாக்கில் உப்பாக இருந்தது.
செத்தேன் என்றே நினைத்தேன்.
எவனோ ஒருவன், முகம் பார்க்கவில்லை,
பெல்ட்டைப் பிடித்து
உருளைக்கிழங்கு மூட்டைபோல் மேலே தூக்கிவிட்டான்.
தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறிப் போனேன்.
இடது ஷூ அங்கேயே தங்கிவிட்டது.
மூன்று மைல் ஒற்றை ஷூவோடு வீடு வந்தேன், பாடிக்கொண்டே.
வலது காதில் அன்று புகுந்த ஒரு சுரம்
இன்னும் வெளியே வரவில்லை.
எப்போதிலிருந்து என்று காது டாக்டர் கேட்டார்.
தேதி சொன்னேன். பாட்டையும் சொன்னேன்.
அவர் தேதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை அதே குழு வந்தது.
மூவர் பழையவர்கள்,
டிரம்ஸில் மட்டும் செத்தவனின் மகன்.
யூனா போயிருந்தாள், கூரையைத் தொடும் இருக்கையில்.
"எறும்பு மாதிரி இருக்கிறார்கள், இஷ்பெல்"
என்று படம் அனுப்பினாள்:
ஆயிரம் கைபேசிகள், நடுவே எறும்பு.

எனக்கு ராத்திரிப் பணி.
அரங்கத்திலிருந்து கிழக்கே போகும் கடைசிப் பேருந்தை
ஓட்டுவது நான்.
பத்தே முக்காலுக்கு நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்தேன்.
சுவரைத் தாண்டி பேஸ் மட்டும் வந்தது.
முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த துளிகள்
தாளம் தப்பாமல் நடுங்கின.

பிறகு வந்தார்கள்,
பீரும் ஈர டெனிமும் கட்டிப்போன தொண்டையுமாக.
நிற்பதற்கு அனுமதி இருபத்தோரு பேர்
என்று தலைக்கு மேல் தகட்டில் எழுதியிருக்கிறது.
முப்பத்தெட்டு வரை எண்ணினேன்.
கட்டணம் இரண்டு பவுண்டு எண்பது.
கூட்டம் ஏற ஏற விலை ஏறவில்லை.

பாலத்தில் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.
அதே மூன்றாம் பாட்டு.
சுருதி ஒரு பக்கம், பேருந்து ஒரு பக்கம்.
மாடியில் குதித்தார்கள்;
என் உச்சந்தலைக்கு மேல் தகரம் குதித்தது.
வண்டியை நிறுத்தி, குதிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். விதி.
சிவப்பு விளக்கில் என் அறைக் கதவைத் திறந்தேன்.
இரண்டாம் சரணத்தில் ஒரு சொல்லை
நாற்பது வருஷமாக எல்லோரும் தப்பாகத்தான் பாடுகிறார்கள்.
சரியான சொல்லைக் கத்தினேன்.
ஒரு நொடி மௌனம்.
அப்புறம் பேருந்தே பிளந்துபோகிற மாதிரி ஒரு கூச்சல்.
பச்சை விழுந்ததை நான் பார்க்கவில்லை,
பின்னால் டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை.

கடைசி நிறுத்தம்.
பதினேழு வயதிருக்கும், ஒரு பெண்,
வலது காலில் சாக்ஸ் மட்டும், அதுவும் கறுப்பாகி.
எவ்வளவு தூரம் என்றேன். ஒரு மைல் என்றாள்.
தொலைந்த பொருள் பெட்டியில்
ஒற்றை ரப்பர் பூட்ஸ் கிடந்தது, இடது காலுக்கானது.
அதை வலது காலில் மாட்டிக்கொண்டு
தொப் தொப்பென்று மழைக்குள் போனாள்,
அந்தத் தப்பான சொல்லையே பாடிக்கொண்டு.