பணியிடம்: ஒன்று

பொருள்: அபாயப் பொருள் ஆய்வாளர்,
புதிய பணியிடம் உருவாக்குதல் குறித்து.
தட்டச்சு செய்தது நான்தான்.
எண்ணிக்கை என்ற இடத்தில் முதலில்
நான்கு என்று அடித்தேன்.
நிதிப் பிரிவு பச்சை மையால் சுழித்தது.
மூன்றாயிற்று. பிறகு இரண்டு.
ஆடி கழிந்து கோப்பு திரும்பியபோது
ஒன்று என்பதன் பக்கத்தில் யாரோ
'தேவைதானா?' என்று கேட்டிருந்தார்,
பென்சிலில்.
பென்சிலுக்குக் கையொப்பம் வேண்டியதில்லை.

தேவையை விளக்கி ஒரு பத்தி கேட்டார்கள்.
எழுதினேன்:
கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டை ஒட்டிய முட்டுச்சந்தில்
குப்பையோடு கிடந்த நீல டிரம்மை
லூர்துமேரி என்ற தூய்மைப் பணியாளர் புரட்டினார்.
டிரம்மில் ஒட்டிய தாள் 'பினாயில்' என்றது.
உள்ளே இருந்தது பினாயில் இல்லை.

மேலதிகாரி பெயரை அடித்தார்.
ஊரை அடித்தார். டிரம்மையும்.
'அண்மையில் நடந்த ஒரு நிகழ்வைக் கருத்திற்கொண்டு'
என்று திருத்தினார்.
நிகழ்வுக்கு இப்போது இடது கையில் மூன்று விரல் இல்லை.
ஸ்டான்லியில் இருபத்தாறு நாள் படுத்துக் கிடந்தது நிகழ்வு.
அதன் மகன் மாதாமாதம் வந்து
என் மேஜை முன் நிற்கிறான்,
இழப்பீடு என்னவாயிற்று என்று.
அது வேற செக்‌ஷன் தம்பி, என்கிறேன்.
மாடியைக் காட்டுகிறேன்.

பதினாறு மாதம். இருபத்திரண்டு சுருக்கொப்பம்.
வந்து சேர்ந்தார் முபீனா.
வேதியியல் முதுகலை, வியாசர்பாடி முகவரி,
பையில் சொந்தக் காசில் வாங்கிய ரப்பர் கையுறை.
நாற்காலி இன்னும் ஒதுக்கப்படவில்லை.
வண்டிக்கு எரிபொருள் உண்டு,
வண்டி இல்லை.

முதல்ல எங்க மேடம், என்று கேட்டேன்.
மணலி என்பார், எண்ணூர் என்பார்,
தண்டையார்பேட்டை ஆசிட் குடோன் என்பார் என்று நினைத்து
ஆட்டோ செலவுக்கு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.
அவர் மூக்கைச் சுருக்கினார்.
"இது என்ன வாடை?"

எந்த வாடை?
பத்தொன்பது வருஷம் இந்த நாற்காலியில்.
எனக்கு எதுவும் தெரியவில்லை.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு கதவு.
மதியம் நாங்கள் டப்பா திறக்கிற பெஞ்ச்
அதில்தான் சாய்ந்திருக்கும்.
சாவி தேட முக்கால் மணி நேரம்.
உள்ளே
மழைநீர் ஏறிக் கட்டிதட்டிய பிளீச்சிங் பவுடர் மூட்டை,
அதன் தலைமேல் ஆசிட் கேன், ஒன்று ஒழுகிக்கொண்டு,
காலாவதியான கொசுமருந்து, புகைவண்டி டீசல்,
எல்லாவற்றுக்கும் நேர் மேலே பதிவறை:
எழுபது வருஷத்துக் காகிதம்.

அவர் பேசவில்லை. கையுறை போட்டார்.
ஒழுகுகிற கேனை இரண்டு கையாலும் தூக்கி,
தூங்குகிற குழந்தையை இடம் மாற்றுவது போல,
வெளியே வெயிலில் வைத்தார்.
"எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க.
ஃபேன் போடாதீங்க."

வேப்பமரத்தடியில் நின்றோம், பாதிச் சோற்றோடு.
சிலர் சிரித்தார்கள்.
வந்த முதல் நாளே ஆரம்பிச்சாச்சு, என்றது கணக்குப் பிரிவு.

கடைசியாக மூலையிலிருந்து டிரம்கள் வந்தன.
நீலம். ஐந்து. ஆறாவதன் வட்டம் மட்டும்
தரையில் துருவாக இருந்தது.
ஒவ்வொன்றிலும் ஒரு தாள்.
பினாயில், பினாயில், பினாயில்.
கடைசி எழுத்தின் சுழி வரி தாண்டி நீண்டிருந்தது.

ஸ்டோர் கீப்பர் மஞ்சள்காமாலையில் கிடந்த மூன்று மாதம்
பழைய லெட்ஜரைக் கிழித்துப் பசை தடவி
யாரோ எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.
அன்று உள்ளே பினாயில்தான் இருந்தது.
பிறகு காலியானதை யார் எதனால் நிரப்பினார்கள்,
தாளை ஏன் கிழிக்கவில்லை,
அது எந்தப் பிரிவு?

"இது யார் கையெழுத்து?"

மரத்தடியில் எல்லோரும் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்கள்.
பென்சில் என்றால் சும்மா இருந்திருப்பேன்.
ஏகாம்பரம், என்றேன்.

முபீனா எழுதிக்கொண்டார்.
"இனிஷியல்?"