மூன்றாவது பெண்

ஐம்பத்தோராம் நிமிடத்தில் நான் சாகிறேன்.
அதற்குமுன் இரண்டு பேர்:
நீச்சல்குளத்தில் ஒருத்தி,
பல் துலக்கிக்கொண்டே ஒருத்தி.
நடுவில் ஒரு நாயும் சாகிறது.
நாய் கிடைக்காததால் குரைப்பு மட்டும்.

ரோஸ் பெல்லில் எங்கள் வீட்டு முன்னறை.
சோபாவில் நாலு பேர், தரையில் நாலு,
கதவோரம் கொழுந்தன் மர்தேன்,
மடியில் கத்தோ பிமோ என்று ஊர் சொல்லும்
பருப்பு வடைத் தட்டு.

மொத்தச் செலவு எவ்வளவோ, தெரியாது.
என் சாவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்,
மதியம் ஒரு ரொட்டி, திரும்பிவர பஸ் காசு.
கொலைகாரனுக்கு முகமூடி மாவுச் சாக்கு,
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
தூரத்தில் வரும்போது கரும்பு வெட்டும் கத்தி நிஜம்.
கழுத்துக்கு வந்ததும் அட்டை, வெள்ளித்தாள் சுற்றியது.
உற்றுப் பார்த்தால் பிஸ்கட் கம்பெனிப் பெயர் தெரியும்.

ரத்தம், அலூடாவில் ஊற்றுகிற ரோஸ் சிரப்.
வாளியில் கலக்கிக்
காலை பத்துக்குக் கழுத்தில் கவிழ்த்தார்கள்.
பதினொன்றரை வரை கரும்புச் சோகைமேல் கிடந்தேன்.
முதலில் ஈ.
பிறகு எறும்பு,
காதுமடல் வழியாக, தள்ளுமுள்ளு இல்லாமல்,
பஸ்ஸுக்கு நிற்பவர்களைவிட ஒழுங்காக.
பிணம் சொறியக் கூடாது என்றான் டைரக்டர்.
ரீயூனியனிலிருந்து வந்த பையன், இருபத்துநாலு வயது.
மரியாதையாகத்தான் சொன்னான்.

'இதோ! கால் கட்டைவிரல்!'
சரவணேன் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினார்.
செத்தவளின் விரல் இன்னொரு விரலைச் சொறிகிறது.
அறையே உருண்டது.

யுவேன் மட்டும் சிரிக்கவில்லை.
ஏழு வயது.
முதல் கொலையிலிருந்தே என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்,
இரண்டு விரல், நாடியின்மேல்.

என் வருத்தம் விரலைப் பற்றி இல்லை.
வசனத்தாளில் பிரெஞ்சில் என்னவோ இருந்தது,
உதவி கேட்பதாக.
வாயைத் திறந்தேன், வந்தது
ஐயோ.
இந்தத் தீவில் அது யார் வாயிலும் வரும்.
சீனக் கடைக்காரர் கல்லா பூட்டாதது நினைவு வந்து சொல்வார்,
பஸ்ஸைத் தவறவிட்ட வெள்ளைக்காரி சொல்வாள்.
நம் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்த மூட்டையில்
யாரும் திறந்து பார்க்காமல் இறங்கிய சாமான்.
கேமராக்காரர்கூட அன்று தலையாட்டினார்.

திரையில் என் வாய் விரிகிறது, ஐ.
குவிகிறது, யோ.
கேட்பதோ எவளோ ஒருத்தியின் ஆ,
நீளமாக, பிசிறில்லாமல், வாடகைக்கு வந்த ஆ.
என்னைவிட நன்றாகச் சாகிறாள்.
மர்தேன் மெல்லுவதை நிறுத்தினான்.
'அண்ணி, இது யாரு?'

கடைசியில் பெயர்கள் ஓடின.
பாட்டன் இறங்கிய நாளில்
துறைமுக எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய குடும்பப் பெயர்,
இப்போது இன்னும் ஓர் எழுத்துக் குறைந்து.

'திருப்பிப் போடுங்க,' என்றான் யுவேன்.
'சத்தம் வேணாம்.'

ஊமைக் கரும்புக் காட்டில் சாக்குத் தலை எழுந்தது.
ஒன்பது பேரும் மூச்சை இழுத்து,
ஐயோ!
சீக்கிரம் கத்திவிட்டோம், கத்தி ஓங்கவே இல்லை.
மறுபடி.
இந்த முறை தாமதம், நான் ஏற்கெனவே விழுந்துவிட்டேன்.
மூன்றாவது தடவை
வாயும் குரலும் ஒரே புள்ளியில் விழுந்தன.
மணிக்கட்டிலிருந்து விரல்கள் எழுந்தன,
ஆறிப்போன கடைசி வடையை எடுக்க.

கேட்டருகே டார்ச் வெளிச்சம்.
பக்கத்து வீட்டு மதாம் கிளாரிஸ்,
நைட்டியும் துடைப்பமுமாக:
'யாரைக் கொல்றாங்க?'
'என்னைத்தான்' என்றேன்.
உள்ளே வந்து உட்கார்ந்தாள்.
நாலாவது தடவை அவளுக்காக.

காலை ஆறுக்கு ரொட்டி வண்டி ஹார்ன்.
யுவேன் கட்டிலுக்கடியில்.
கதவைத் திறந்தது நான்தான்.
சாக்குக்குள் இருந்த மனிதர், ழான் நோயல்,
கக்கத்தில் நீள ரொட்டி இரண்டு.
'பார்த்தீங்களா?
என் மூஞ்சி ஒரு தடவைகூட வரல.'

ஐயோ, என்றேன்.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.
விரலெல்லாம் மாவு.