வேறு கூரையின் கீழ்

செவ்வாய் இரவு பதினொன்றேகாலுக்கு
வட்டு முதன்முறை அந்தச் சத்தம் போட்டது.
டிக். சற்று நிதானித்து, டிக்.
தூக்கத்தில் பல் கடிக்கும் ஆளின் பக்கத்தில்
படுத்திருப்பது போல் இருந்தது.
வெளியே பெர்கனின் வழக்கமான மழை.

கப்பல் சேதத்தை மதிப்பிடுவது என் தொழில்.
பதினோரு வருடத்துப் பிளந்த அடிப்பலகைகள்,
பாறை கீறிய இரும்பு,
கரிந்துபோன எஞ்சின் அறைகள்,
எல்லாம் அந்தச் சோப்புக்கட்டிக்குள்.
"காப்பீடு எடுக்காமலா கடலுக்குப் போனீர்கள்?" என்று
எத்தனை மீனவர்களைக் கேட்டிருக்கிறேன்,
குரலில் கொஞ்சம் ஏளனத்தோடு.

காலையில் கடை திறந்ததும் புது வட்டு வாங்கி
கிடைத்ததையெல்லாம் அதற்குள் இழுத்துப் போட்டேன்.
ஒரு மார்ச் மாதம் மட்டும் வரவேயில்லை.

அப்புறம் ஒரு வாரம் நிறுவனங்களின் வாசலில் நின்றேன்.
ஒன்று 'வரம்பற்ற இடம்' என்றது;
வரம்பு அடிக்குறிப்பில் இருந்தது, எறும்பு எழுத்தில்.
ஒன்று முதல் வருடம் இலவசம் என்றது;
வெளியேற என்ன விலை என்று எங்கும் எழுதவில்லை.
இன்னொன்று எந்நேரமும் ஒத்திசைக்குமாம்.
நல்லதுதான். ஆனால்
இங்கே நான் தவறி அழித்தால்
அங்கேயும் அழியும்.
கண்ணாடிக்குள் இருப்பவளும்
நான் விழுந்தால் கூடவே விழுவாள்.
மண்குதிரையில் எதற்கு ஆற்றைக் கடக்க வேண்டும்?

அலுவலகத்தில் ஹால்வர் சொன்னான்:
மூன்று பிரதி வேண்டும். இரண்டு விதச் சாதனத்தில்.
அதில் ஒன்று வேறு கூரையின் கீழ்.

கடைசியில் அகப்பட்டது ஒரு சின்ன நிறுவனம்.
விதிமுறைகளின் நடுவே ஒரு வரி:
"கடவுத்தொடரை நீங்கள் தொலைத்தால்
எங்களாலும் திறக்க முடியாது. மன்னிக்கவும்."
அந்த வாரம் படித்த நாற்பது பக்கங்களில்
எதையும் விற்க முயலாத ஒரே வாக்கியம்.
மாதம் எண்பத்தொன்பது குரோனர்.
முதல் பதிவேற்றம் ஒன்பது நாள் ஓடியது,
மலையேறும் கிழட்டு லாரி மாதிரி.

கூடவே இரண்டு வெளிவட்டுகள், மாற்றி மாற்றி.
ஒன்று என் மேசையில்.
மற்றதற்கு யார் கூரை?
அக்கா ஓஸ்லோவில், வருடம் ஒருமுறை பார்த்தால் அதிகம்.
வங்கிப் பெட்டகத்துக்கு அநியாய வாடகை.
ஹால்வருக்கு மூன்று பிள்ளைகள்,
எதையும் திருகாணி கழற்றிப் பார்ப்பவர்கள்.
எண்ணிக் கழித்து வந்தபோது
கணக்கு ஓட்வாரிடம் போய் நின்றது.
அஸ்கோய் தீவில் இருக்கிறான்.
நான்கு வருடம் முன்புவரை என் கணவன்.
சாவி, ரசீது, கோபம்,
எதையும் தொலைத்ததில்லை.

"சரி." என்று பதில் வந்தது,
முற்றுப்புள்ளியோடு.

மீட்டுப் பார்க்காத நகல் நகலே இல்லை,
இதுவும் ஹால்வர் வாக்குதான்.
ஞாயிறன்று, சோதனைக்கு,
கண்ணை மூடிக்கொண்டு ஓர் உறையைத் தொட்டேன்.
பதினேழு கோப்புகள் இறங்கின,
ஒரே பெயர், எண் மட்டும் வேறு வேறு.
பதினேழாவதுதான் அவனுக்குப் போனது.
வழக்கறிஞர் திருத்தியது,
வரவேற்பறை நாற்காலி போல
யாருக்கும் வலிக்காதது.
முதலாவதைத் திறந்தேன்.
"ஓட்வார், காலையில் நீ எனக்கும் சேர்த்து
வெந்நீர் வைத்திருந்தாய்,
அதனால் இதை எழுத முடியவில்லை..."
ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை.
மீட்பு வெற்றி என்றது திரை, பச்சையில்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
படகுத்துறையில் அவன் இறங்குகிறான்,
ரொட்டி உறைக்குள் பழைய வட்டோடு.
நான் மற்றதைக் கொடுக்கிறேன்.
"எங்கே வைக்கிறாய்?"
"தூண்டில் பெட்டி பக்கத்தில். ஈரம் வராது."
உள்ளே என்ன என்று அவன் கேட்டதில்லை.
கேட்டாலும் திறக்காது,
ஏழு சொல் கடவுத்தொடர் என் தலைக்குள் மட்டும்.
(தலைக்கு எங்கே பிரதி என்று ஹால்வர் கேட்டான்.
பேச்சை மாற்றிவிட்டேன்.)

படகு திரும்பக் கிளம்ப ஆறு நிமிடம் இருந்தது.
தகரக் கூரைக்கடியில் நின்றோம்,
வட்டு அவன் சட்டைப்பையில்.
காட் மீன் விலை ஏறிவிட்டது என்றான்.
ஆமாம் என்றேன்.