காரணம் பிறகு

காலடிப்பேட்டை. ராத்திரி ஒன்றரை.
எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள்
எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன.
என் ஜன்னல் கம்பிக்கும் அந்த நடுக்கம்.

பதினோரு புராஜெக்ட்.
எதில் எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்று
ஒரே தாளில் வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள்.

தேதியைப் படிக்க மட்டுமே தெரிந்த ஒரு சின்ன லைப்ரரி,
ஏதோ குளிர்தேசத்தில் யாரோ எழுதிப் போட்டது,
கிடங்குக் கணக்கில் 2.3.1
சுங்க ரசீதில் 2.4
மீன் ஏலச் செயலியில் 1.9, அதுவும் நேராக இல்லை,
இன்னொன்றின் வயிற்றுக்குள் இருக்கும்
இன்னொன்றின் வயிற்றுக்குள்.
நான் கூப்பிடாதவர்கள்தான் இங்கே
பாதிப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிடங்கில் மட்டும் ஒரு குறிப்பு:
‘இதை ஏத்தாதீங்க. காரணம் பிறகு எழுதுறேன். டெல்பின்.’
டெல்பின் பேப்பர் போட்டு மூன்று வருஷம்.
அந்தப் ‘பிறகு’ இன்னும் வரவில்லை.

கீழே மீட்டர் பெட்டியிலும் சாக்பீஸ் எழுத்து:
‘மூணாவது ஃபியூஸ் தொடாதே.’
பேர் இல்லை.
ஏழு குடித்தனம், ஒரு மோட்டார்.
யாரும் தொட்டதில்லை. தண்ணீர் ஏறுகிறது.

நான் தொட்டேன். கிடங்கை 2.4க்கு ஏற்றினேன்.
எல்லா டெஸ்ட்டும் பச்சை.
டீ போட்டுக் குடித்தேன்.

குடித்துவிட்டுப் பழைய சரக்கு ஒன்றைத் திறந்தால்
ஜூலை மூன்றில் வந்த ஆயிரத்து எழுநூறு பெட்டி இறால்
மார்ச் ஏழிலேயே வந்து இறங்கி
நான்கு மாதம் கிடந்து
அழுகியிருந்தது, கணக்கில்.
நாளும் மாதமும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன.
ஒரு பிழைச்செய்தி இல்லை. ஒரு சிவப்பு இல்லை.
நாற்றம்கூட இல்லை.

டெல்பினுக்கு வாட்ஸப்பில் கேட்டேன்.
குழந்தை தூங்கவில்லை போல, உடனே பதில்:
‘அதான் சொன்னேனே.’
‘எங்க சொன்ன?’
கொஞ்ச நேரம் டைப் செய்தாள், அழித்தாள்,
டைப் செய்தாள்.
ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

2.3.1க்கே இறக்கினேன்.
அவள் குறிப்புக்குக் கீழே இரண்டு வரி:
தேதி திரும்பிவிடுகிறது, இறாலைப் பார்க்கவும்.
தாளில் ‘ஏன்’ என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்.
நூற்று நாற்பத்திரண்டு வரிசை.
ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது.

செல்போன் வெளிச்சத்தோடு கீழே இறங்கி
மூன்றாவது ஃபியூஸைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பார்த்ததோடு சரி.

வெளியே ஏர் பிரேக் விடும் சத்தம்.
வரிசை
ஒரு லாரி நீளம் நகர்ந்தது.