உறுதியா?

ஊலு நகரம். மைனஸ் இருபத்தேழு.
மார்க்கெத்தாவின் கதவு
விரலைக் கேட்டது, கொடுத்தாள்.
எண்ணைக் கேட்டது, அதையும்.
சிவப்பாய் ஒருமுறை சிமிட்டி
பேட்டரி கண்மூடிவிட்டது.

கையிலிருந்த போன் சொல்கிறது:
உங்கள் வீடு பாதுகாப்பாக உள்ளது.
பாதுகாப்புதான்,
அவளிடமிருந்தே.

போன ஏப்ரலில்
இல்போவின் கைரேகையை அழிக்க
நாலு நொடிதான் ஆனது.
உறுதியா? என்றது பூட்டு.
ஆம் என்று அழுத்தினாள்.
இரும்புச் சாவியை யாரும் நினைக்கவில்லை.
அவன் வளையத்தில்,
பீர் திறப்பானுக்குப் பக்கத்தில்
தொங்கியபடியே கிடந்தது.

கூப்பிட்டாள்.
இருபது நிமிடத்தில் வந்தான். பேசவில்லை.
சாவியை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினான்,
நுழைத்தான், திருப்பினான்.
கதவு எதுவும் கேட்கவில்லை.

சாவியைக் கழற்றி நீட்டினான்.
"பேட்டரி மாற்றும்வரை
உன்னிடமே இருக்கட்டும்" என்றாள்.

உள்ளே, முதல் இழுப்பறையில்,
உறை பிரிக்காத நாலு பேட்டரி.