பதினான்காம் பிரிவின் வினைமுற்று

"ஆராய்ச்சியா படிக்கிறாய்?"
"இல்லை, ஆராய்ச்சியை நிர்வகிக்க."
திங்கள்நகர் வழியாகப் போகும் பேருந்தில்
பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் யோசித்தார்.
"அப்போ மீன் பிடிக்கதுக்கு இல்ல,
வலைக்குக் கணக்கெழுதுகதுக்கு."
இரண்டு வருடப் பாடத்திட்டத்தை
இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

சனி ஞாயிறு வகுப்பு, நாகர்கோவிலில்,
மாவு மில்லுக்கு மேலே மாடியில்.
பதினொரு பேர். பதவி உயர்வுக்காக வந்த இயற்பியல்காரர்,
அடுத்த வருடம் தாளாளர் ஆகப்போகும் ஒரு பாதிரியார்,
வாரநாட்களில் ஆராய்ச்சிப் பிரிவு எழுத்தரான நான்,
கிளாடிஸ் மரியபுஷ்பம்.
மானியம், மேல்செலவு, பயன்பாட்டுச் சான்றிதழ்,
மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழியாத பணம்
எங்கே போகிறது என்ற இறையியல்.
அதில் பாதிரியார்தான் முதல் மதிப்பெண்.

முதல் பருவத் தேர்வில் ஒரு வினா:
'தரவு யாருடையது? பத்து மதிப்பெண்.'
நிதி தந்தவர், பல்கலைக்கழகம், முதன்மை ஆய்வாளர் என்று
வரிசையாக எழுதி ஒன்பது வாங்கினேன்.
மீதி ஒன்று யாருக்குப் போனதென்று
கேட்கத் தோன்றவில்லை அப்போது.

கள ஆய்வுக்கு வாய்த்தது முடிந்துபோன ஒரு திட்டம்:
குளச்சலுக்கு மேற்கே நாற்பத்தாறு கிணறுகள்,
நீரில் உப்பேற்றம், மூன்று ஆண்டு, இரண்டு கட்டுரை.
கோப்பு சுத்தம். ரசீதுகள் தேதிவாரியாக.
தணிக்கைக் குறிப்பு ஒன்றே ஒன்று:
குப்பி மூடி இருநூறு வாங்கியதற்கு விலைப்புள்ளி இல்லை.

பதினேழாம் கிணற்றின் உடைமையாளர் சாறாபாய்
துணி அலசிக்கொண்டே சொன்னார்:
"மூணு கொல்லம் முந்தி வந்தினும்.
குப்பியில வெள்ளம் கோரிட்டுப் போனினும்.
என்ன உண்டு, என்ன இல்லைன்னு
ஒருத்தரும் வந்து சொல்லேல்ல."
குறிப்பேட்டில் எழுதினேன்:
பங்குதாரர் கருத்து, எதிர்மறை.
எழுதியதைப் பேருந்தில் அடித்தேன்.

ஆகவே கொள்கை வரைவில் பதினான்காம் பிரிவு:
'முடிவுகளை, மாதிரி தந்தவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.'
முதல் அமர்வில் 'தெரிவிக்கப்பட வேண்டும்' ஆனது.
யாரால் என்று கேட்டேன்.
தோன்றா எழுவாய்
ஏழு நாற்காலிகளில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.
இரண்டாம் அமர்வில் 'தெரிவிக்கப்படலாம்'.
நான்கெழுத்து இரண்டெழுத்தானதில்
தாள் மிச்சம் என்றார் துணைப் பதிவாளர்.
மிச்சம் பிடித்த இடத்தில், மூன்றாம் அமர்வில்,
'இயன்றவரை' வந்து உட்கார்ந்தது.

கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய்.
ஆனால் எழுத்தர் வேலை ஒன்று கற்றுத் தந்திருக்கிறது:
கொள்கையை எல்லோரும் வாசித்துத் திருத்துவார்கள்.
படிவத்தை யாரும் வாசிப்பதில்லை,
நிரப்புவார்கள்.
இறுதித் தவணை கோரும் படிவத்தில்
எட்டாம் வரிசைக்குக் கீழே புதிதாக ஒன்பது:
முடிவு தெரிவித்த நாள். கேட்டவர் கையொப்பம். கேட்டவர் சொன்னது.
கட்டம் காலியென்றால் கணினி பணத்தை நகர்த்தாது.
கணினியிடம் 'இயன்றவரை' செல்லாது.

ஆய்வேட்டில் இதைச் சேர்க்கட்டுமா என்றேன்.
வழிகாட்டி ஓரத்தில் பென்சிலால் எழுதினார்:
'முறையியல் இயலில் வேண்டாம்.'

ஜூன். ஜன்னல் பக்கத்து அலமாரியில் சாரலடித்து
கோப்புகளின் நாடா ஊறிக் கிடந்த ஒரு காலை,
இரண்டாம் கட்டத் திட்டத்தின் முதல் படிவம் வந்தது.
ஒன்பதாம் வரிசையில் நீலப் பேனா,
கட்டத்தைத் தாண்டி வழியும் கையெழுத்து:
"உப்பு உண்டு. எனக்கு மின்னமே அறியலாம். சாறாபாய்."

நிதி அலுவலர் வெளியூர்க்காரர்.
சிவப்பில் வட்டமிட்டுக் கேட்டிருந்தார்:
'அறிவாரா, அறியக்கூடுமா? தெளிவுபடுத்தவும்.'

குறிப்பின் கீழ் எழுதி அனுப்பினேன்:
ஐயா, இந்த 'லாம்' எங்கள் கரையில்
நிச்சயமாகத் தெரியும் என்ற பொருளில் வரும்.
தவணையை விடுவிக்கலாம்.