அங்குலத்துக்குப் பத்து

ரெகுலேட்டர் இருந்தவரை
ஆர்டிஸின் கை எப்படி ஓடினாலும்
அங்குலத்துக்குப் பத்துத் தையல்தான்.
மகனோடு போனில் கத்திய இரவுகூட
போர்வையில் சமர்த்தாகவே விழுந்தது.

செவ்வாய்க்கிழமை சென்சார் செத்தது.
ஃபார்கோவிலிருந்து ஆள் வர ஒன்பது நாள்.
சனிக்கிழமை கல்யாணம்;
பன்னிரண்டடிச் சட்டத்தில்
மணப்பெண்ணின் குயில்ட், பாதியில்.

சுவிட்சைத் திருப்பினாள்.
ஊசி இப்போது யாரையும் கேட்பதில்லை,
ஒரே கதியில் குத்துகிறது.
கை தயங்கினால் எறும்பு வரிசை,
பதறினால் பல்லிளிப்பு.

இரண்டு மணிக்குப் பனி வாரும் வண்டி
கேரேஜை உலுக்கிப் போனது.
அந்த வளைவில் மட்டும்
நாலே தையல், நீளநீளமாய்.

பிரிக்கும் கொக்கியை எடுத்தாள்.
வைத்தாள்.
காபி ஆறியிருந்தது.

பில்லில் கடைசி வரி:
கீழ் இடது மூலை, ஓர் அங்குலம்,
கட்டணம் இல்லை.